ஜல்லிக் கல்லில் தொடங்குங்கள்: சின்னக் குழந்தைகளுக்குப் பூமியின் கதை சொல்லப்போகிறவர்களுக்கு

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் பூமியின் வரலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் ஆறாம் வகுப்புக்கு மேலதான்" என்பார்கள். கொஞ்சம் ஆர்வமுள்ளவர்கள் டைனோசர் படம் ஒட்டி, சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி எரிமலை பொங்குவதைக் காட்டியிருப்பார்கள். பிள்ளைகளும் கைதட்டியிருப்பார்கள். ஆனால் பூமியைப் பற்றி அவர்களுக்கு எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆழத்து வெப்பத்தில் உருகிய பாறை மேலே வருவதுதான் எரிமலை. சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பது வேறு சங்கதி. அந்தச் செய்முறையை வேதியியலுக்கு ஒதுக்கிவிடுங்கள். இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை அந்தமானில் பாரன் தீவில் இருக்கிறது. அதன் படத்தை ஐந்து நிமிடம் காட்டினாலே அதைவிடப் பயன் அதிகம்.

ஐந்து வயதுக் குழந்தைக்கும் பூமியின் கதையைச் சொல்லலாம். எண்ணில் தொடங்கினால்தான் சிக்கல். 454 கோடி ஆண்டு என்றாலும் நாலாயிரம் ஆண்டு என்றாலும் அந்த வயதில் "ரொம்ப நாளைக்கு முன்னாடி" என்பதோடு சரி. ஆனால் எது முதலில், எது பிறகு என்று வரிசை சொல்ல அவர்களுக்கு நன்றாகவே வரும். மாவு அரைத்த பிறகுதான் தோசை என்பதில் எந்தக் குழந்தைக்கும் சந்தேகம் இல்லை. பூமியின் கதையையும் அந்த வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். எது முதலில், எது பிறகு? அதை எதைப் பார்த்துச் சொல்கிறாய்? ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்குள் இந்த இரண்டு கேள்விகளும் ஒரு பிள்ளைக்குப் பழகிவிட்டால், கோடிக் கணக்கெல்லாம் பின்னால் தானாக வந்து பொருந்தும்.

இந்தக் கட்டுரை தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும், ஜியாலஜி படித்துவிட்டுக் குழந்தைகளோடு வேலை செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கும்.

பைக்குள் இருக்கும் கற்கள்

மாதிரிக் கற்கள் அடங்கிய பெட்டியை விலை கொடுத்து வாங்க வேண்டாம். முதல் நாள் பிள்ளைகளைப் பையைத் திறக்கச் சொல்லுங்கள். பென்சிலின் முனை, களிமண்ணோடு சேர்த்துச் சுட்ட கிராஃபைட். அந்தக் கனிமம் சிவகங்கை மாவட்டத்தில் வெட்டி எடுக்கப்படுகிறது. யார் வீட்டிலாவது பழைய கல் சிலேட்டு கிடந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அது ஒரு காலத்தில் சேறாகப் படிந்து, அழுத்தமும் வெப்பமும் பட்டு இறுகிய பாறை. ஆந்திரத்தின் மார்க்காபூர் அதற்குப் பேர்போனது. உங்கள் கையில் இருக்கும் சாக்பீஸ் ஜிப்சத்திலிருந்து வந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரையில், களிமண் மேடுகளுக்கு ஊடே அதே ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுவதைப் பார்க்கலாம்.

அடுத்து வாசலுக்கு வாருங்கள். எங்காவது கட்டட வேலை நடக்காத தெரு நம் ஊரில் உண்டா? ஆளுக்கொரு ஜல்லி எடுத்துக்கொள்ளட்டும். முதலில் காய்ந்த கல்லைப் பார்க்கட்டும், பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி எடுத்துப் பார்க்கட்டும். காய்ந்தபோது சாம்பல் நிறமாக மங்கிக் கிடந்த கல்லில், நனைந்ததும் மணிகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். கண்ணாடி மாதிரி இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்தோடு இருப்பது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாக, வெயிலில் திருப்பினால் மின்னுவது பெரும்பாலும் அப்பிரகம். பெயர்களைச் சொல்லுங்கள், மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். பாறையை நனைத்துப் பார்ப்பது களத்தில் நிற்கும் ஜியாலஜிஸ்டுகள் இன்றும் செய்கிற வேலை என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஏழு வயதில் ஒரு விஞ்ஞானியின் வேலையைக் கையால் செய்த பிள்ளை அதை மறக்காது.

தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்ற பாகுபாட்டை முதல் இரண்டு வகுப்புகளில் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடத்தில் உருகியது, படிந்தது, அழுந்தியது என்ற மூன்று சொற்கள் போதும். "இந்தக் கல் உருகி வந்ததா, படிந்து வந்ததா?" என்று கேட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை யோசிக்கும். "இது எந்த வகைப் பாறை?" என்று கேட்டால் நம் முகத்தைப் பார்க்கும்.

சென்னைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிக் கருங்கல்லுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர்: சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைமேல் வைத்த பலகைக் கல், மதராஸிலிருந்து போனது. 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற ஜியாலஜிஸ்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். இந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. 20 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. "அவ்வளவு கீழே இருந்தது எப்படி மலை உச்சிக்கு வந்தது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டால் பாடம் பாதி முடிந்த மாதிரி. நிலம் மெல்ல மெல்ல உயர, மேலே கிடந்ததையெல்லாம் மழையும் காற்றும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கொண்டுபோய்விட்டன.

பாட்டிலில் ஓர் ஏரி

வரிசை என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் பதிக்க, அகலமான வாயுள்ள கண்ணாடி பாட்டில் ஒன்று போதும். கூழாங்கல், ஆற்று மணல், ஏரி வண்டல் மூன்றையும் ஒவ்வொரு கைப்பிடி போட்டு, முக்கால் பாட்டில் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, பிள்ளைகளையே குலுக்கச் சொல்லுங்கள். மேசையில் வைத்ததும் கூழாங்கல் உடனே கீழே போய்விடும். மணல் சில நொடிகளில் அதன்மேல் உட்காரும். வண்டல் மட்டும் இறங்காது. மதியம் வரைக்கும் தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். மறுநாள் காலை மணியடித்ததும் பிள்ளைகள் நேராக அந்தப் பாட்டிலிடம்தான் ஓடுவார்கள். தண்ணீர் தெளிந்து, மணலின்மேல் மெல்லிய பட்டையாக வண்டல் படிந்திருக்கும்.

அப்போது கேளுங்கள்: "எது முதல்ல வந்துச்சு? எது கடைசியா வந்துச்சு? நேத்து லீவு போட்டவனுக்கு இதைப் பார்த்தாலே தெரியுமா?" அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்று அவர்களே சொல்வார்கள். 1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற விஞ்ஞானி எழுதிவைத்த விதி இதுதான். பாறைகளின் வரலாறு படிக்கிற எல்லாரும் இன்றைக்கும் தொடங்குகிற இடமும் இதுதான். அன்று மாலையே ஒரு கைப்பிடி செம்மண்ணைப் பாட்டிலில் தூவி, ஓர் ஆற்று வெள்ளம் வந்ததாகச் சொல்லுங்கள். மறுநாள் இன்னொரு பட்டை சேர்ந்திருக்கும்.

கிராமத்துப் பள்ளியாக இருந்தால் போர்வெல்லை விட்டுவிடாதீர்கள். வண்டி ஊருக்குள் வரும்போது, ஆழம் கூடக்கூட வெளியே தள்ளும் மண்ணும் கல்தூளும் நிறம் மாறிக்கொண்டே போகும். முதலில் செம்மண், பிறகு மஞ்சளாக உளுத்த கல், பிறகு கருஞ்சாம்பல் தூள். போர்வெல் போடுகிறவரிடம் சொல்லிவைத்தால் இத்தனை அடிக்கு இது என்று பிரித்தே கொடுப்பார். சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, ஆழத்தை எழுதி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். உங்கள் ஊர் தரைக்குக் கீழே எப்படி இருக்கிறது என்பது வகுப்பறைச் சுவரோரம் நிற்கும். இதைச் சேகரிக்க நீங்கள் மட்டும் போங்கள். போர்வெல் பக்கம் பிள்ளைகளை ஒருபோதும் அழைத்துப் போகாதீர்கள்.

கயிறு

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் கயிற்றை எடுக்கலாம். பூமியின் வயதை நீளமாக மாற்றும் பயிற்சி உலகெங்கும் பல வடிவங்களில் நடக்கிறது. நம் பள்ளி மைதானத்துக்கு ஒத்துவரும் அளவு இது: ஒரு மீட்டருக்கு 10 கோடி ஆண்டு. அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 10 லட்சம், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம். மொத்த நீளம் 45 மீட்டர் 40 சென்டிமீட்டர். சணல் கயிறு வாங்கி, அளந்து வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். கணக்குப் பாடவேளையில் செய்தால் மீட்டர், சென்டிமீட்டர் பாடமும் சேர்ந்து முடிந்துவிடும்; தனியாக நேரம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

கயிற்றின் ஒரு முனை இன்று. அதைக் கொடிக்கம்பத்தில் கட்டுங்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை போக வேண்டிய தூரம் போகட்டும். அங்கே பூமி பிறக்கிறது. கொடிக்கம்பத்திலிருந்து 35 மீட்டரில் ஒரு துணியைக் கட்டுங்கள்: ஆஸ்திரேலியாவின் பழம்பாறைகளில் நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற தடயங்களின் காலம். 25 மீட்டரில் ஒரு துண்டு சார்னோக்கைட் கல்லை வையுங்கள். 24 மீட்டரில் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்குகிறது. 5 மீட்டர் 40 சென்டிமீட்டரில் கடலில் ஓடுள்ள விலங்குகள் பெருகுகின்றன. 4 மீட்டர் 70-இல் தரையில் செடிகள். டைனோசர்கள் 2 மீட்டர் 30-இல் வந்து, 66 சென்டிமீட்டரில் போய்விடுகின்றன. 50 சென்டிமீட்டரில் இந்தியா ஆசியாவோடு மோதி இமயமலை எழத் தொடங்குகிறது. நம்மைப் போன்ற மனிதர்கள் கடைசி 3 மில்லிமீட்டரில்.

இங்கே அவசரப்படாதீர்கள். பூமி, டைனோசர், மனிதன் என்று படங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, அவரவர் இடத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். டைனோசர்தான் எல்லாவற்றுக்கும் முதல் என்ற எண்ணத்தோடுதான் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். டைனோசர் படத்தைக் கையில் வைத்திருக்கிற பிள்ளை பூமி பிறந்த முனைக்கு ஓடும். அவனைக் கூப்பிட்டு, கயிற்றைத் தொட்டபடியே கொடிக்கம்பம் நோக்கி நடக்கச் சொல்லுங்கள். நடக்க வேண்டியது 43 மீட்டருக்கும் மேல். அவன் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்து சேரும்போது, கொடிக்கம்பத்தில் மனிதனாக நிற்கும் பிள்ளை இரண்டு எட்டில் இருப்பான். பூமியாக நிற்கும் பிள்ளையோ மைதானத்தின் அந்தக் கோடியில், கத்திக் கூப்பிட்டால்தான் கேட்கும் தூரத்தில் இருப்பாள். "அப்போ இவ்ளோ தூரமும் யாருமே இல்லையா டீச்சர்?" என்று கேட்பார்கள். இருந்தார்கள், கண்ணுக்குத் தெரியாத அளவில். கயிற்றின் பெரும்பகுதி நுண்ணுயிர்களுடையது. நாம் மூச்சு விடும் ஆக்சிஜனைக் காற்றில் சேர்த்துவைத்ததும் அவைதான்.

கீழடியைப் பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். அது கயிற்றில் எங்கே என்று கேட்டால், ஐந்தாம் வகுப்பில் யாராவது கணக்குப் போடுவார்கள். 2,600 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 0.026 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை.

டைனோசரை என்ன செய்வது

விரட்ட வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். டைனோசர் பெயர்களைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். அந்த ஆர்வத்தை "எப்படித் தெரியும்?" என்ற கேள்விப் பக்கம் திருப்புவதுதான் உங்கள் வேலை.

அதற்கு நம் ஊரிலேயே இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே, ஏரியில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. வல்லுநர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தைச் சுற்றி மண் படிந்து இறுகியவை என்றார்கள். குழந்தைகளிடம் இதைச் சொல்லும்போது ஏமாற்றமான முகங்களைப் பார்ப்பீர்கள். உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: கடல் உயிரினம் ஏரிக்குள் எப்படி வந்தது?

இன்னொன்று அரியலூர் மாவட்டம் கல்லமேடு. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து, 1980-களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் புருகத்காயோசாரஸ் என்ற மிகப் பெரிய டைனோசரை விவரித்தார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை, சிதைந்துபோய்விட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் புகைப்படங்களும்தான். அதனால்தான் அது எவ்வளவு பெரியது என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. பொருளைப் பத்திரப்படுத்தாவிட்டால் உண்மையும் கைநழுவிவிடும் என்பதை எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கூடவே மேரி ஆனிங் கதையைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில், 1799-இல், ஏழைத் தச்சர் வீட்டில் பிறந்தவர். அண்ணன் ஜோசஃப் 1811-இல் ஒரு விசித்திர மண்டையோட்டைக் கண்டெடுத்தான். அடுத்த ஆண்டு மேரி மீதி உடலைக் கண்டுபிடித்தாள். வயது 12-13. அது இக்தியோசார் என்ற கடல் ஊர்வன. நான்காம் வகுப்புப் பெண் குழந்தைகள் இந்தக் கதையை விடவே மாட்டார்கள்.

பள்ளிக்கூடச் சுவரில் கடல்

ஏரிக்குள் கடல் உயிரினம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டு ஆசிரியர் கையில் இருக்கும் மிகச் சிறந்த கதை இதுதான். ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒட்டியிருந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பிரியத் தொடங்கி, இடையே கடல் புகுந்தது. அந்தக் கடல் இன்றைய அரியலூர், பெரம்பலூர் பகுதிவரை ஏறி வந்து, பல கோடி ஆண்டு தங்கிவிட்டுப் போனது. சிப்பிகள், அம்மோனைட்டுகள், சுறாக்கள் எல்லாம் அதில் வாழ்ந்து, இறந்து, அடியில் படிந்தன. ஓடுகள் குவிந்து சுண்ணாம்புக் கல்லாயின. அந்தக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்து, சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டுத்தான் சிமென்ட் செய்கிறார்கள். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் இருப்பதற்கு அந்தப் பழைய கடல்தான் காரணம்.

இதை வகுப்பில் செய்து காட்ட, கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். பொடிக்கும் வேலையை முந்தைய நாளே, முகக்கவசம் போட்டு, நீங்களே முடித்துவிடுங்கள். பிள்ளைகள் கல் உடைக்கக் கூடாது. சில்லு கண்ணில் தெறிக்கும், தூசி நெஞ்சுக்குள் போகும். ஒரு தட்டில் கிளிஞ்சல் பொடி, இன்னொரு தட்டில் சுண்ணாம்புக் கல் பொடி, மூன்றாவதில் ஆற்று மணல். மூன்றிலும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டு சொட்டாக விடுங்கள். முதல் இரண்டும் பொங்கிக் குமிழிவிடும், மணல் சும்மா கிடக்கும். கிளிஞ்சலும் அந்தக் கல்லும் ஒரே பொருளால் ஆனவை என்று பிள்ளைகள் கண்ணால் கண்டுவிட்டார்கள். இப்போது வகுப்பறைச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியே அழைத்துப் போக முடிந்தால் முதலில் திருவக்கரைக்குப் போங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இந்தக் கல்மரப் பூங்காவைப் பராமரிப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரரான சோனெரா 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் மரத்தைத் தட்டிப் பார்த்து "கல்லு!" என்று கத்தி ஓய்ந்ததும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேர் எங்கே, கிளை எங்கே? தேடுவார்கள், கிடைக்காது. இந்த மரங்கள் வளர்ந்த இடம் இது இல்லை. பழைய வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பத்து நிமிடம் விட்டுப் பிடித்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே அந்த முடிவுக்கு வருவார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

பெரம்பலூர், அரியலூர், திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் சாத்தனூர் கல்மரத்துக்கும், வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் போகலாம். சாத்தனூர் மரம் 18 மீட்டர் நீளம்; 1940-இல் அதை வெளி உலகுக்குக் கொண்டுவந்த எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர். காரையின் செம்மேடுகள் பார்க்க அபாரமான இடம்தான். ஆனால் நிழலே கிடையாது, மழை பெய்தால் ஓடைகள் வழுக்கும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அங்கே நான் அழைத்துப் போகமாட்டேன். எங்கே போனாலும் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்பதை பஸ் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். கையில் கொண்டுவர நோட்டில் வரைந்த படம் இருக்கட்டும்.

போக முடியாதவர்கள் வகுப்பிலேயே புதைபடிவம் செய்யலாம். குளத்துக் களிமண்ணைத் தட்டி, சிப்பியையோ வேப்பிலையையோ அழுத்தி எடுத்து, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலவையை ஊற்றுங்கள். இரண்டு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். இறுகும்போது சூடாகும், அதற்குள் யாரும் கையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீக்காயம் படும் அளவுக்குச் சூடு ஏறும்.

கேள்விகள் வரும்

"உலகம் உருண்டையா, தட்டையா?" என்று கேட்டால் எல்லாரும் உருண்டை என்பார்கள், நீங்களும் திருப்தியாகிவிடுவீர்கள். ஸ்டெல்லா வோஸ்னியாடூவும் வில்லியம் புரூவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், உருண்டை என்று சொன்ன குழந்தைகளிலேயே பலர் மனதில் வேறு படங்கள் இருந்தன. மனிதர்கள் உருண்டைக்கு உள்ளே ஒரு தட்டையான தரையில் வாழ்வதாக நினைத்தவர்களும் உண்டு. அதனால் பதிலை வாயால் வாங்காதீர்கள். வரையச் சொல்லுங்கள், வீட்டையும் ஆளையும் அதில் போடச் சொல்லுங்கள்.

"சாமிதானே உலகத்தைப் படைச்சாரு? எங்க ஆயா சொல்லுச்சு" என்று ஒரு பிள்ளை சொல்லும். ஆயாவைப் பொய்யராக்காதீர்கள். "ஆயா சொன்ன கதையை நீ எங்களுக்கும் சொல்லு. நான் இந்தக் கல்லு சொல்ற கதையைச் சொல்றேன் கண்ணு" என்று இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்துவிட்டு, கல்லிடம் திரும்பிவிடுங்கள்.

டைனோசர் செத்த கதையைச் சொல்லும்போது பயம் வரும். 6.6 கோடி ஆண்டுக்கு முன், மெக்சிகோவின் யுகடான் பகுதியில் சுமார் 10 கிலோமீட்டர் அகல விண்கல் விழுந்ததைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டால், அன்று இரவு சில பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். கோழியைக் காட்டுங்கள். பறவைகள் டைனோசர் வழிவந்தவை, தப்பிப் பிழைத்த கிளை. அடுத்து நம் முன்னோர்களான சின்னஞ்சிறு பாலூட்டிகளும் தப்பின என்று முடியுங்கள்.

கடலோரப் பள்ளிகளில் சுனாமி வெறும் பாடம் இல்லை. 2004 டிசம்பர் 26-இன் நினைவு அங்கே பல வீடுகளில் இருக்கிறது. அங்கே மெதுவாகப் பேசுங்கள், ஆனால் பேசாமல் விடாதீர்கள். அன்று தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவில் குடும்பத்தோடு இருந்த 10 வயது இங்கிலாந்துச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்து நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து, சுனாமி வரப்போகிறது என்று பெற்றோரிடம் பிடிவாதமாகச் சொன்னாள். கடற்கரை காலியானது, அங்கிருந்தவர்கள் பிழைத்தார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, தரை நீண்ட நேரம் அதிர்ந்தாலோ மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எதற்காவது பதில் தெரியாவிட்டால் "தெரியலை, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். மறந்துவிட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை கேட்காது.

தலைமையாசிரியரிடம் எப்படிப் பேசுவது

"பூமி அறிவியல் நடத்தப்போகிறேன்" என்று போய் நின்றால், போர்ஷன் முடிந்ததா என்றுதான் பதில் வரும். பாடக்குறிப்பில் இவற்றைத் தனித் தலைப்பாக எழுதாதீர்கள். கற்களை நிறம், அளவு, எடை வாரியாகப் பிரிப்பது கணக்கு. கயிறு அளவைகள் பாடம். போர்வெல் டப்பாக்கள் சூழ்நிலையியல். ஒரு கல்லின் தன்வரலாற்றை எழுதுவது தமிழ். இருக்கிற கற்றல் விளைவுகளுக்குள்ளேயே எல்லாம் பொருந்தும். பாட்டிலையும் டப்பாக்களையும் துணைக்கருவியாகக் கணக்கில் காட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கல் அலமாரிக்கு ஒரு பழைய பலகை கேளுங்கள். கட்டட மேஸ்திரி, கிரானைட் பாலிஷ் போடுகிறவர், போர்வெல் வண்டி வைத்திருப்பவர் என்று பெற்றோர்களிலேயே ஆட்கள் இருப்பார்கள். ஒருநாள் அவர்களை வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். தன் அப்பா கல்லைப் பற்றி டீச்சருக்கே சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

சுற்றுலா என்றால் ஜனவரி அல்லது பிப்ரவரி. அனுமதிக் கடிதத்தைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். போகும் இடத்தின் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பெற்றோர் கையெழுத்து, முதலுதவிப் பெட்டி, தொப்பி, தண்ணீர், பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள் ஆலையின் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

ஜியாலஜி படித்தவர்களுக்கு

சுரங்கம், நிலத்தடி நீர், எண்ணெய், அரசுத் தேர்வு என்று நான்கு கதவுகளைத்தான் கல்லூரியில் காட்டுவார்கள். குழந்தைகளுக்கு பூமியைச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் ஒரு கதவுதான். நிரந்தரச் சம்பளம் உள்ள இடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். அருங்காட்சியகங்கள், அறிவியல் மையங்கள், பாடநூல் தயாரிப்பு, சிறுவர் பதிப்பகங்கள், தனியார் பள்ளிகளின் களப்பயண ஏற்பாடு என்று சிதறிக் கிடக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து வேலை செய்தால் பள்ளிகளுக்குள் போக வழி கிடைக்கும். அவர்களுடைய துளிர் இதழுக்கு எழுதிப் பழகுங்கள். பத்து வயதுக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரியும். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கான தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 1993 முதல் குழுக்கள் ஆய்வு செய்து வருகின்றன. அவர்களுக்கு வழிகாட்டிகள் எப்போதும் தேவை. ஆசிரியர் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போவது இன்னொரு வழி.

விண்ணப்பத்தில் பட்டத்தைவிட எடை போடப்படுவது, நீங்கள் குழந்தைகளோடு இருந்த நேரம். அதனால் வேலைக்காகக் காத்திருக்காமல் நீங்கள் படித்த தொடக்கப் பள்ளிக்குப் போய், ஒரு பருவத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். நேர்காணலில் அந்த நோட்டை எடுத்து மேசையில் வைக்கலாம். முதல் நாளுக்கு ஒரு பூதக்கண்ணாடி, ஒரு வாளித் தண்ணீர், பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஐந்து கூடுதலாக ஜல்லிக் கற்கள் எடுத்துப் போங்கள். குறைந்தது ஐந்து தொலைந்துபோகும்.